கப்பலில் வந்த ஐஸும் களிமண் பானையும்



தக்காளி போட்டவர்களுக்கு நான் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாயங்காலம் பறித்து, கூடையில் அடுக்கி, ராத்திரி வண்டி பிடித்து, விடியற்காலம் மண்டியில் இறக்கிவிட்டு நிற்கிறோம். கமிஷன் கடைக்காரர் மேல் காயைக் கிளறிப் பார்த்து ஒரு விலை சொல்கிறார். அது கட்டாது என்று நமக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் கூடையைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டு போனால் நாளைக்கு அந்தக் காய் இன்னும் கனிந்துவிடும், மறுநாள் நீர்விட்டு நாறிவிடும் என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் அவர் சொன்னதுதான் விலை. ரெண்டே ரெண்டு நாள் காயைக் கெடாமல் வைத்திருக்க ஓர் இடம் இருந்தால், "இன்னிக்கு வேணாம், நாளன்னிக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் அல்லவா?

அந்த ரெண்டு நாளைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். கரண்ட் இல்லாமல் குளிர்ச்சி உண்டாக்க மனிதன் என்னவெல்லாம் செய்து பார்த்தான், அந்தக் குளிர்ச்சி யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்கிற கதை. கதை என்றாலும் நடந்த கதை.

முதலில் ராஜாக்களிடமிருந்து ஆரம்பிப்போம். அக்பர் பாதுஷாவின் அரண்மனையில் குடிதண்ணீரைக் குளிர வைக்க வெடியுப்பைப் பயன்படுத்தினார்கள். வெடிமருந்துக்குப் போடுகிற அதே உப்புதான். அதைத் தண்ணீரில் கொட்டிக் கரைத்தால் தண்ணீர் சட்டென்று சில்லிட்டுப் போகும். அதற்குள் குடிதண்ணீர்க் கூஜாவை வைத்துக் கொஞ்ச நேரம் சுழற்றினால் கூஜாத் தண்ணீரும் குளிர்ந்துவிடும். அபுல் பசல் தன் ஆயினி அக்பரியில் இதை எழுதி வைத்திருக்கிறார். பிறகு பாதுஷா லாகூருக்குக் குடிபோனதும் மலையிலிருந்தே பனிக்கட்டியை இறக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பாதுஷாவுக்கு நடக்கும், நமக்கு நடக்குமா? அதனால் இதை இத்துடன் விட்டுவிடுவோம்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது. கங்கைக் கரையில், அலகாபாத் பக்கத்தில், சாதாரண வேலையாட்கள் வெறும் மண்சட்டியில் ஐஸ் செய்தார்கள். ராபர்ட் பார்க்கர் என்கிற ஆங்கிலேய ராணுவ அதிகாரி அதை நேரில் பார்த்து எழுதியது 1775-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளியாயிற்று. அவர் சொல்கிற முறை இதுதான். திறந்த வெளியில் முப்பது அடிக்கு முப்பது அடி, ரெண்டடி ஆழத்துக்குக் குழி வெட்டுகிறார்கள். அடியில் காய்ந்த கரும்புத் தட்டையோ சோளத் தட்டையோ முக்கால் அடி, ஓரடி கனத்துக்குப் பரப்புகிறார்கள். அதன்மேல் மண் தட்டுகளை நெருக்கமாக அடுக்குகிறார்கள். தட்டின் கனம் கால் அங்குலம் கூட இல்லை, ஆழம் ஒண்ணேகால் அங்குலம். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைப் பொழுது சாய்ந்ததும் அதில் ஊற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். விடியுமுன் வந்து பார்த்தால் தட்டில் ஐஸ் கட்டியிருக்கும்! அதை அள்ளிக் கூடையில் போட்டு, வைக்கோலும் கம்பளியும் போர்த்திய பதினாலு, பதினைந்து அடி ஆழக் குழிக்குள் இடித்து நிரப்பி, கோடைக்குச் சேமித்து வைப்பார்கள்.

அந்த ஊரில் குளம் குட்டையில் தண்ணீர் தானாக உறைந்து தான் பார்த்ததே இல்லை என்கிறார் பார்க்கர். அப்படியானால் தட்டில் மட்டும் எப்படி உறைந்தது? மார்கழி, தை மாதத்தில் மேகமில்லாத ராத்திரி வைக்கோல் போரின் உச்சி எவ்வளவு ஈரமாகிச் சில்லிட்டுக் கிடக்கிறது, பக்கத்தில் மரத்தடி காய்ந்தே இருக்கிறது, கவனித்திருப்பீர்கள். திறந்த வானத்தைப் பார்த்துக் கிடக்கிற பொருள் தன் சூட்டை வானத்துக்கே விட்டுவிடுகிறது. வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்கிற வைத்தியர் பனித்துளியைப் பற்றி 1814-இல் எழுதிய நூலில் இதை விளக்கினார். கீழே இருக்கிற தட்டை, பூமியின் சூடு மேலே ஏறாமல் தடுக்கிறது. மண் தட்டில் கசிகிற ஈரம் காயும்போது அதுவும் கொஞ்சம் சூட்டைக் கொண்டுபோகிறது. அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் உழைத்தது யார், குடித்தது யார் என்று கேட்காதீர்கள். குழி வெட்டினவர் ஒருவர், கோடையில் சர்பத் குடித்தவர் வேறொருவர்.

இந்தத் தொழிலை அழித்தது ஒரு கப்பல். 1833 மே மாதம் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து டஸ்கனி என்ற கப்பல் 180 டன் ஐஸை ஏற்றிக்கொண்டு கல்கத்தாவுக்குக் கிளம்பிற்று. அனுப்பினவர் பிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி. அவர் ஊரில் குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும். அந்த ஐஸை வாள் போட்டு அறுத்து, மரத்தூள் மாதிரி சூடு ஏறாத சரக்கை நடுவில் அடைத்துக் கப்பலில் அடுக்கினார்கள். நாலு மாதக் கடல் பயணம், ரெண்டு தடவை பூமத்திய ரேகையைத் தாண்ட வேண்டும். கல்கத்தா போய்ச் சேர்ந்தபோது சுமார் 100 டன் ஐஸ் உருகாமல் மிச்சமிருந்தது. பாதிக்கு மேலே தப்பிவிட்டது! மரத்தூளின் மகிமையைப் பாருங்கள்.

சென்னைக்கும் அந்த ஐஸ் வந்தது. அப்போது சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும். சரக்கைப் படகில் இறக்கித்தான் கரைசேர்க்க வேண்டும். அந்த ஐஸை வைக்க 1842-இல் கடற்கரையில் கனத்த சுவர் வைத்து ஒரு வட்டக் கட்டடம் எழுப்பினார்கள். திருவல்லிக்கேணிப் பக்கம் போனால் பஸ் கண்டக்டர் "ஐஸ் ஹவுஸ்" என்று கூவுவாரே, அதுதான். 1870-களில் இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் கப்பல் ஐஸ் வியாபாரம் படுத்துவிட்டது. கட்டடம் கைமாறி வழக்கறிஞர் பிலிகிரி அய்யங்காருக்கு வந்தது. சுவாமி விவேகானந்தர் 1897-இல் அங்கே தங்கினார். இப்போது அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர்.

உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து ஐஸ் கொண்டுவந்தார்களே, அந்த நாளில் நம் கிராமத்து வீட்டில் என்ன இருந்தது? தாழ்வாரத்து மூலையில் ஆற்று மணலைக் குவித்து, அதை நனைத்து, மேலே ஒரு மண்பானை உட்கார்ந்திருந்தது. இங்கே ஒரு கணக்குச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது சுற்றியிருக்கிற பொருளிலிருந்து சுமார் 80 கலோரி சூட்டை இழுத்துக்கொள்ளும். டாக்டர் சாப்பாட்டுக்குச் சொல்கிறாரே, அதே கலோரிதான். ஒரு லிட்டர் தண்ணீர் பானையின் மேல் கசிந்து ஆவியாகிப் போகும்போது சுமார் 580 கலோரியை எடுத்துக்கொண்டு போகிறது. அதாவது உங்கள் பானையின் மேல் ஒரு லிட்டர் தண்ணீர் காய்ந்தால், அது ஏழு கிலோ ஐஸ் உருகினதற்குச் சமம். பாஸ்டனிலிருந்து கப்பல் வேண்டாம். காற்றும் நிழலும் துளையுள்ள மண்ணும் போதும். எவர்சில்வர் குடம் வந்ததும், பிளாஸ்டிக் குடம் வந்ததும் அந்தக் கசிவு நின்றுபோயிற்று. பானைக்கு அடியில் இருந்த மணலை நாம் பெருக்கிக் கொட்டிவிட்டோம்.

இதே ஆவியாகிற வித்தையைத்தான் வெள்ளைக்காரர்கள் இரும்புக்குள் அடைத்தார்கள். நம் வீட்டு ஃப்ரிட்ஜின் குழாய்க்குள்ளும் நடப்பது அதுவே. என்ன, அங்கே தண்ணீருக்குப் பதிலாக வேறு திரவம் ஆவியாகிறது. அந்த ஆவியைப் பிடித்து அழுத்தித் திரும்பத் திரவமாக்கத்தான் கரண்ட். கரண்ட் இல்லாத இடத்தில் அந்த வேலையை நெருப்பே செய்யும் என்று பிரான்சு தேசத்து பெர்டினாண்ட் கரே 1859-இல் அம்மோனியாவை வைத்துக் காட்டினார். இன்னும் ஆச்சரியம், 1878-இல் பாரிஸ் நகரக் கண்காட்சியில் அகஸ்டின் மூஷோ என்பவர் பெரிய கண்ணாடிக் குடையால் வெயிலைக் குவித்து, அந்தச் சூட்டிலேயே ஐஸ் கட்ட வைத்தார். வெயிலில் ஐஸ்! பார்த்தவர்கள் மூக்கின் மேல் விரல் வைத்திருப்பார்கள். நிலக்கரி மலிவாகக் கிடைத்த காலம் என்பதால் அந்த யந்திரத்தை யாரும் தொடர்ந்து கவனிக்கவில்லை.

அமெரிக்க விவசாயி என்றால் எல்லா வசதியும் இருந்திருக்கும் என்று நினைக்கிறோம். 1930-களின் தொடக்கத்தில் அங்கே பத்துப் பண்ணையில் ஒன்பதுக்குக் கரண்ட் கிடையாது. அவர்களுக்காக 1928-இல் கிராஸ்லி கம்பெனி ஐஸிபால் என்று ஒரு சாமானை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ரெண்டு இரும்பு உருண்டை, நடுவில் வளைந்த குழாய். காலையில் ஒரு உருண்டையை மண்ணெண்ணெய் அடுப்பில் ஒண்ணரை மணி நேரம் சூடாக்க வேண்டும். அதிலிருக்கிற அம்மோனியா ஆவியாகி, தண்ணீர்த் தொட்டியில் முங்கியிருக்கிற மற்ற உருண்டைக்குள் போய்த் திரவமாகிவிடும். பிறகு அந்த உருண்டையைப் பெட்டிக்குள் தொங்கவிட்டால், அம்மோனியா மெதுவாக ஆவியாகித் திரும்பிப் போகப் போக, பெட்டி ஒரு நாள் முழுக்கச் சில்லென்று இருக்கும். லட்சக்கணக்கில் விற்றது. பண்ணைகளுக்குக் கம்பி வந்ததும் அது மறைந்துபோயிற்று. அதன் பங்காளிகளான மண்ணெண்ணெய் ஃப்ரிட்ஜுகள் நெடுங்காலம் ஆப்பிரிக்க, ஆசியக் கிராமத்து ஆஸ்பத்திரிகளில் குழந்தைகளின் தடுப்பூசி மருந்தைக் காத்தன. திரி கரிபிடிக்கும், அடிக்கடி துடைக்க வேண்டும், எண்ணெய் தீர்ந்தால் மருந்து வீண். அந்த வேலையை இப்போது சூரியத் தகட்டில் ஓடும் ஃப்ரிட்ஜுகள் வாங்கிக்கொண்டு வருகின்றன.

மருந்துக்கு அது சரி. நம் கூடைக்கு? நம் நாட்டில் குளிர்பதனக் கிடங்குகள் வந்தன, உண்மைதான். ஆனால் வெகுபகுதி உருளைக்கிழங்குக்கு என்று கட்டியவை. பத்துக் கூடைக் கத்தரிக்காய் வைத்திருக்கிறவர் அந்த வாசலை மிதித்ததில்லை.

நைஜீரியா தேசத்தில், வடக்குப் பக்கம் ஜிகாவா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. வறண்ட பூமி, நம் தர்மபுரி, ராமநாதபுரத்துக்காரர்கள் போனால் சொந்த ஊர் மாதிரி இருக்கும். அங்கே முகமது பா அப்பா என்று ஒரு வாத்தியார். அவர் குடும்பம் பானை வனைகிற குடும்பம். 1995 வாக்கில் அவர் ஒரு சின்ன வேலை செய்து பார்த்தார். பெரிய மண்பானைக்குள் சின்ன மண்பானையை வைத்து, நடுவில் இருக்கும் சந்தில் மணலை நிரப்பி, மணலை நனைத்தார். உள்பானையில் காயைப் போட்டு ஈரத்துணியால் மூடினார். நாம் பானைக்கு அடியில் போட்ட மணலை அவர் பானையைச் சுற்றிப் போட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்று நாளில் வதங்குகிற கத்தரிக்காய் அதற்குள் 27 நாள் நின்றது. தக்காளியும் மிளகாயும் மூன்று வாரம் தாண்டின. ஒரே நாளில் தலை தொங்கிவிடுகிற கீரை 12 நாள் இருந்தது. இந்தக் கணக்கெல்லாம் அந்த ஊர் வறண்ட காற்றில் கிடைத்தவை. அதை அப்படியே நாகப்பட்டினத்துக்கு எடுத்துக்கொண்டு வராதீர்கள், காரணம் பிறகு சொல்கிறேன்.

வாத்தியார் இன்னொரு கெட்டிக்காரத்தனமும் செய்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களிடம் நோட்டீஸ் கொடுத்து என்ன பிரயோஜனம்? அந்த ஊர்க்காரர்களையே நடிக்க வைத்து ஒரு நாடகப் படம் எடுத்து, ராத்திரியில் வேட்டி மாதிரி ஒரு துணியைக் கட்டி, கிராமம் கிராமமாகப் போட்டுக் காட்டினார். வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த குயவர்களுக்குக் கூலி கொடுத்து ஆயிரக்கணக்கில் பானை செய்யச் சொல்லி, முதல் தவணையை இனாமாகவே கொடுத்தார். பிறகு ஜனங்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். தினமும் பறித்ததைத் தினமும் விற்றாக வேண்டும் என்று பொம்பளைப் பிள்ளைகளைக் கூடை தூக்கித் தெருத்தெருவாக அனுப்பிக்கொண்டிருந்த வீடுகளில், சரக்கு நின்று விற்கலாம் என்றானதும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். எனக்கு அந்த 27 நாளைவிட இதுதான் பெரிசாகப் படுகிறது. 2000-ஆம் ஆண்டில் அவருக்கு ரோலெக்ஸ் விருது கொடுத்தார்கள்.

"ஒரு பானையில எத்தனை காய் கொள்ளும்? எனக்கு ரெண்டு ஏக்கர் தக்காளி" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. ஒரு பானையில் பத்துப் பன்னிரண்டு கிலோதான். அது வீட்டுக்கும் சில்லறை விற்பனைக்கும். கூடைக் கணக்குக்குப் பதில் நம் நாட்டிலேயே, அந்த வாத்தியாருக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பே, டில்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் கிடைத்துவிட்டது. 1980-களின் தொடக்கத்தில் ராய், குர்தியா என்ற இரண்டு விஞ்ஞானிகள், பானைக்குப் பதிலாகச் செங்கல்லை வைத்து ஒரு தொட்டி கட்டினார்கள். கரண்டே வேண்டாத குளிர் அறை என்று பெயர்.

தரையில் 165 சென்டிமீட்டர் நீளம், 115 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு வரிசைச் செங்கல் பரப்ப வேண்டும். அதன் மேல் இரட்டைச் சுவர், 67 சென்டிமீட்டர் உயரத்துக்கு, அதாவது முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு சுவருக்கும் நடுவில் ஏழரை சென்டிமீட்டர் சந்து விட்டு, அதில் ஆற்று மணல். (இன்றைக்கு ஆற்று மணல் விற்கிற விலையில் இதைச் சொல்லவே வாய் கூசுகிறது. ஆனால் ஒரு தொட்டிக்கு வேண்டியது கொஞ்சம்தான்.) மேலே மூங்கில் சட்டத்தில் வைக்கோலோ சாக்கோ தைத்த மூடி. வெயில் படாமல் ஒரு கீற்றுக் கொட்டகை. மணலையும் சுவரையும் மூடியையும் காலை, மாலை நனைத்து வைத்தால், கொளுத்துகிற கோடையில் உள்ளே வெளியைவிடப் பத்து, பதினைந்து டிகிரி குறைந்திருக்கும். சுமார் 100 கிலோ காய்கனி வைக்கலாம். கட்டச் சித்தாள் வேலை தெரிந்தால் போதும். இவ்வளவு எளிதான சாமான் ஏன் ஊருக்கு ஊர் பரவவில்லை? விற்க ஒரு கம்பெனி இல்லாத பொருளைப் பற்றி யாரும் வீட்டுக்கு வந்து சொல்வதில்லை என்பது என் எண்ணம். வேறு காரணமும் இருக்கலாம்.

பிறகு சொல்கிறேன் என்று சொன்ன காரணத்துக்கு வருகிறேன். தண்ணீர் காய்ந்தால்தான் குளிர்ச்சி. காற்றே ஈரமாக இருந்தால் தண்ணீர் எங்கே காயும்? 40 டிகிரி வெயிலில் காற்றில் ஈரப்பதம் 20 சதம் என்றால் தொட்டி 23 டிகிரி வரைக்கும் இறங்கப் பார்க்கும். கடற்கரை ஊரில் 34 டிகிரி, ஈரப்பதம் 70 சதம் என்றால் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் 29-க்குக் கீழே போகாது. ஆப்பிரிக்காவில் மாலி தேசத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்லூரிக்காரர்கள் பானைகளையும் செங்கல் தொட்டிகளையும் வைத்துச் சோதித்து 2018-இல் சொன்னதும் இதுதான்: ஈரப்பதம் 40 சதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், பகல் வெயில் 25 டிகிரியைத் தாண்ட வேண்டும், நிழலும் காற்றும் வேண்டும், ஊற்றத் தண்ணீர் வேண்டும். ஆக, உள்மாவட்டத்துக்காரர்களுக்குப் பங்குனி, சித்திரை, வைகாசி கைகொடுக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது வெறும் செங்கல் தொட்டிதான்.

தக்காளிக்கு இந்த மிதமான குளிர்ச்சி நல்லது, ஃப்ரிட்ஜில் வைத்தால் வருகிற சப்பென்ற ருசி வராது. கீரை, கத்தரி, வெண்டை, பச்சை மிளகாய், கேரட், எலுமிச்சை எல்லாம் வைக்கலாம். வெங்காயத்தையும் பூண்டையும் மட்டும் உள்ளே விடாதீர்கள், ஈரம் பட்டால் அழுகிவிடும். சின்ன வெங்காயத்துக்கு நீங்கள் போடுகிற பட்டறைதான் சரி. பாலைக் காக்க இந்தக் குளிர் போதாது. ஆட்டுக்கும் கோழிக்கும் போடுகிற தடுப்பூசி மருந்து பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது, அதையும் இங்கே வைக்கக்கூடாது. லாரி லோடு காய்க்கும் இது ஆகாது. அதற்கு நைஜீரியாவில் 2015 முதல் கோல்ட்ஹப்ஸ் என்று ஒரு நிறுவனம் சந்தை வாசலிலேயே சூரிய சக்தியில் ஓடும் குளிர் அறைகளை வைத்து, ஒரு பெட்டிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிறது. அறை யாருடையதோ, விவசாயி பெட்டிக்குக் காசு கொடுத்தால் போதும். நம் உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் பார்த்துப் படிக்க வேண்டிய ஏற்பாடு.

தொட்டி கட்டுகிறவர்களுக்கு இன்னும் ரெண்டு வார்த்தை. போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் ஒரு கோடைக்குள் செங்கல்லில் வெள்ளை பூத்துத் துளை அடைத்துவிடும், பிறகு குளிராது. தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, மணலை மாற்றிப் போடுங்கள். செங்கல் நன்றாக வெந்ததாக, ஆனால் தண்ணீர் உறிஞ்சுவதாக இருக்க வேண்டும். வாங்கும் முன் ஒரு கல்லை வாளியில் முக்கிப் பாருங்கள், குமிழி விட்டுக் குடிக்க வேண்டும். சுவருக்கு மேலே சிமெண்ட் பூசிவிடாதீர்கள். அழகுக்கு ஆசைப்பட்டுப் பூசினால் அது காய்கறி வைக்கிற பெட்டி, அவ்வளவுதான். அடிபட்ட காய் ஒன்று உள்ளே போனால் நூறு கிலோவையும் கெடுக்கும், பொறுக்கி அடுக்குங்கள். ஈர மணலைத் தேடித் தேளும் தவளையும் வரும், தவளையைத் தேடிப் பாம்பும் வரும். ராத்திரியில் மூடியைத் தூக்கினால், டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கையை விடுங்கள்.